விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்ட்டா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு முடிந்துவிட்டது. கணினி நின்றுவிடாது, புதிதாக ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆள் வராது, அவ்வளவுதான். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்று உண்டு. அது வெறும் தவணை.

விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜிபி ராம் பலரிடம் இருக்கிறது. உதைப்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசரும்தான். 2015-இல் வாங்கி, பிறகு எஸ்எஸ்டி போட்டு, இன்றும் சுறுசுறுப்பாக ஓடுகிற கணினிகூட இந்த வாசலில் நின்றுவிடும். இலவச லினக்ஸ் இயங்குதளமான மின்ட் 2 ஜிபி ராமோடு ஏறிக்கொள்ளும். 4 இருந்தால் நிம்மதி. ஆக, விண்டோஸ் பக்கம் செலவு என்பது மென்பொருளுக்கு அல்ல, புதுப் பெட்டிக்கு.

பணத்தை மட்டும் பார்த்தால் தீர்ப்பு எளிது. தமிழில் வேலை செய்பவர்களுக்கு அப்படி இல்லை.

விண்டோஸில் என்எச்எம் ரைட்டர், அழகி போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களில் பழகிய விரல்களுக்கு மின்ட்டில் அவை கிடைக்காது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 கிடைக்கும். ஆனால் விசைப்பலகைப் பட்டியலில் முதலில் கண்ணில் படும் தமிழ்நெட்99 அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான்: ‘க’வை இருமுறை தட்டினால் ‘கக’ என்றே விழும். ஐபஸில் எம்17என் தொகுப்பின் தமிழ்99-ஐ எடுத்தால் புள்ளி தானாக ஏறி ‘க்க’ ஆகும். இது தெரியாமல் அரைமணி நேரத்தில் லினக்ஸையே திட்டிவிட்டுத் திரும்புபவர்கள் உண்டு.

யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளைப் பற்றித்தான் பயம் அதிகம். உண்மையில் அங்கே பயமே வேண்டாம். பாமினியில் ‘அம்மா’ என்று தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். தமிழ் உருவம் எழுத்துருவில் இருக்கிறது. எழுத்துருவை மின்ட்டில் போட்டுவிட்டால் லிப்ரே ஆபீஸிலும் அம்மா அம்மாவாகவே வருவாள். மாட்டிக்கொள்வது பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரின் கோப்பு. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் பேஜ்மேக்கரை ஓட்டிப் பார்க்கலாம்; ஆனால் விடிந்தால் கல்யாணம் என்றிருக்கும் பத்திரிகையை நான் அதை நம்பி அச்சுக்கு அனுப்ப மாட்டேன். லினக்ஸில் பக்கம் வடிவமைக்க உள்ள ஸ்கிரைபஸ் இப்போது தமிழை ஒழுங்காகக் கோக்கிறது. புது வேலைக்கு அது போதும். பழைய பக்கங்களைத் திருத்த அதை நம்பியிருக்க முடியாது.

கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸுக்கானது, அங்கே பேச்சுக்கு இடமில்லை. பிரிண்டர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு கதை. எச்பி பெரும்பாலும் தொல்லை தராது.

எனவே இணையம், கடிதம், யூனிகோடு எழுத்து என்று இருக்கிற வீட்டுக் கணினியைத் தயங்காமல் மின்ட்டுக்கு மாற்றலாம். ஒரே கணினியை வைத்து டிடிபியும் டேலியும் பார்க்கிற கடை, வட்டி கட்டியாவது விண்டோஸ் 11 பெட்டி வாங்குவதே புத்திசாலித்தனம். பழைய பெட்டியை அப்போதும் எடைக்குப் போட வேண்டாம். மின்ட் ஏற்றி, தட்டச்சுக்கு வருகிற பையனிடம் கொடுக்கலாம். அதற்கு முன் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓடவிட்டு, வன்தட்டைத் தொடாமல், கடைப் பிரிண்டரில் ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிடுங்கள்.