இடம் பெயர்ந்த ஓர் ஆலயப் பெயர்

உரோமாபுரி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன இராயப்பர் பேராலயமும் பண்டைய இடிபாடுகளுமே. ஆயினும் அந்நகரின் புதிய பங்குக் கோயில் ஒன்று பழைய ஆலயம் ஒன்றின் பெயரைத் தாங்கியது என்பதை நம்மிற் பலர் அறியார். அதன் வரலாற்றை உணர ஈராயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

செனட் என்னும் ஆட்சிப் பேரவை கூடுவதற்கென ஜூலியஸ் சீசர் கி.மு. 44-இல் ஒரு மண்டபம் கட்டத் தொடங்கினார். அவ்வாண்டே அவர் கொலையுண்டார். அகஸ்டஸ் கி.மு. 29-இல் அதனை முடித்தார். கி.பி. 283-இல் தீக்கிரையான அம்மண்டபத்தை மீண்டும் எடுப்பித்தவர் டயோக்ளீஷியன் பேரரசர். 303-இல் கிறிஸ்தவர்களை ஒறுக்கக் கட்டளையிட்டவரும் அவரே. அக்கொடுமையின் நாட்களில் நிக்கோமேதியா நகரில் அத்ரியான் என்னும் படையதிகாரி வேதத்துக்காக உயிர் துறந்தார் என்பது திருச்சபை மரபு. ஏறத்தாழ 630-இல் பாப்பரசர் முதலாம் ஹொனோரியுஸ் அம்மண்டபத்தை ஆலயமாக்கி, அத்ரியான் பெயரையே அதற்குச் சூட்டினார். ஒறுத்தவர் எடுப்பித்த மண்டபம் ஒறுக்கப்பட்டவர் பெயரைத் தாங்கிற்று!

1930களில் பழைய செனட் மண்டபத்தின் உருவத்தை வெளிக்கொணர வேண்டி, ஆலயப் பகுதிகளை அகற்றினர். பதின்மூன்று நூற்றாண்டு வழிபாடு ஓய்ந்தது. ஆனால் பெயர் ஓயவில்லை. 1589 முதல் அங்கு திருப்பணியாற்றியவர்கள் மெர்சிதாரியன் சபைத் துறவிகள். சிறைப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்பதற்கென 1218-இல் பார்சலோனாவில் தோன்றிய சபை அது. 1950களில் வில்லா அல்பானிக்கு அருகே புதிய கோயில் எழுந்தபோது, இரக்கத்தின் மாதா பெயரோடு அத்ரியான் பெயரும் அதற்கு இடப்பட்டது.

கர்தினால்மார் பாப்பரசரைத் தேர்ந்தெடுப்பவர்கள். முற்காலத்தில் இவர்கள் உரோமை நகரத்துக் கோயில்களில் பணிபுரிந்த குருக்களும் தியாக்கோன்மாருமே. அவ்வழக்கத்தின் நினைவாக, எந்நாட்டவர் கர்தினாலாயினும் உரோமையைச் சார்ந்த ஒரு கோயில் அவருக்குப் பட்டமாக அளிக்கப்படும். அப்பங்கை அவர் ஆளுவதில்லை. அவருடைய சின்னம் கோயில் முகப்பில் விளங்கும், அவ்வளவே.

புதுவை மேற்றிராசனத்தைச் சேர்ந்த கல்லேரி கிராமத்தில் 1924-இல் பிறந்தவர் துரைசாமி சைமன் லூர்துசாமி. 'சர்வ வியாபி' என்னும் தமிழ் வார ஏட்டின் ஆசிரியராயிருந்து, பின் பெங்களூர் அதிமேற்றிராணியாராகிய இவரை, 1985 மே 25 அன்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கர்தினாலாக உயர்த்தினார். அப்போது உரோமைக் கோயில் ஒன்று அவருக்குப் பட்டமாக அளிக்கப்பட்டது. அவ்வாண்டே கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 2014 ஜூன் 2 அன்று அவர் உரோமையிலேயே காலமானார்.

அத்ரியான் பெயர் பழைய மண்டபத்தை நீங்கிப் புதுச் சுவரை அடைந்தது. கல்லேரியில் பிறந்தவரின் பெயரும் கடல் கடந்து உரோமைக் கோயில் ஒன்றுக்கு உரியதாயிற்று. சுவர் நிலைத்ததால் அன்று, அப்பெயரைச் சுமந்து சென்றோர் இருந்தமையால் அது வாழ்ந்தது. மாற்றல் உத்தரவு பெற்று வீடு விட்டு வீடு செல்லும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. ஊரின் பெயரும் மொழியும் நம் பிள்ளைகளிடம் சென்று சேர்வது, நாம் அவற்றைச் சுமந்து வருவதைப் பொறுத்ததே ஆகும்.