நெய்வேலி கரண்ட்டும் ஒரு லேப்டாப் பேட்டரியும்



போன வாரம் பேரன் தன் லேப்டாப்பில் ‘பவர் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "தாத்தா, இதுல எதை வைக்கணும்?" என்று கேட்டான். பதில் ஒரு வார்த்தைதான். ஆனால் எனக்கு 2012 ஞாபகம் வந்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று, அப்போதைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். எல்காட் வாங்கிக் கொடுத்தது. டிவியையும் மிக்ஸியையும் தவிர வேறு மின்சாதனம் பார்க்காத வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. வந்த நேரம்தான் சரியில்லை. 2012இல் சென்னையைத் தாண்டினால் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. தேவை ஏறிக்கொண்டே போனது, புதிய மின் நிலையங்கள் தாமதமாயின. வடக்கிலிருந்து வாங்கலாம் என்றால் போதுமான கம்பி இல்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத் தென்னகக் கட்டமைப்பு மற்ற பகுதிகளோடு முழுமையாக இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

எங்கள் டவுன்ஷிப்பில் விளக்கு அணைவது அபூர்வம். இதைச் சொல்ல இப்போதும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1956இல் நிறுவனம் உருவாகி, 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்து, 1962இல் ரஷ்ய உதவியோடு முதல் தெர்மல் ஓடத் தொடங்கிய ஊர் இது. ஆனால் இங்கே விளையும் மின்சாரம் பல தென் மாநிலங்களுக்குப் பங்கு பிரிந்து போகிறது. பக்கத்து ஊர் என்பதற்காக ஒரு வயரைத் தனியாக இழுத்துக் கொடுக்க மாட்டார்கள். மாடியில் நின்றால் புகைபோக்கியின் விளக்கு தெரியும். கண்ணைக் கொஞ்சம் திருப்பினால் கிராமங்கள் இருட்டில் கிடக்கும்.

அப்படி ஒரு கிராமத்துப் பிள்ளை. எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். பிளஸ் டூ படிக்கும்போது அரசு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். "சார், ஒன்றரை மணி நேரத்துல செத்துடுது சார்."

நான் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "நிறையப் படம் பார்த்திருப்பே" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள், பதில் பேசவில்லை. பிறகு திறந்து பார்த்தால் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’, திரை வெளிச்சம் முழுசாக. ஏன் என்று கேட்டேன். "பெர்ஃபார்மன்ஸ் ஹையா இருந்தா நல்லதுன்னு நெனச்சேன் சார். வெளிச்சம் வந்து, அதுலதான் நோட்டு எழுதுவேன்." வீட்டில் வேறு விளக்கு இல்லாத நேரத்தில் அந்தத் திரைதான் அவளுக்கு விளக்கு. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் அம்மா எழுப்பிவிடுவாராம், சார்ஜ் போட.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்களுக்குச் சிக்கனமே தெரியாது. 1992இல் இன்டெல்லும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற முறையைக் கொண்டுவந்தன. அதே ஆண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு கம்ப்யூட்டர்களுக்கு ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரையைத் தொடங்கியது. 1996 டிசம்பரில் தோஷிபாவும் சேர்ந்து ஏசிபிஐ வந்தது. எப்போது எதைத் தூங்கவைப்பது என்ற முடிவு இயங்குதளத்தின் கைக்குப் போனது அதில்தான். 2007இல் விஸ்டா பேலன்ஸ்ட், பவர் சேவர், ஹை பெர்ஃபார்மன்ஸ் என்று மூன்று திட்டங்களைக் கொடுத்தது. அவள் லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 7இலும் அவையே.

உள்ளே நடப்பது நம் ஏழாம் வகுப்புக் கணக்குதான். பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். வேகத்தைக் குறைத்தால் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம், மிச்சம் இரட்டிப்பாகத் தெரியும். ஸ்லீப், ஹைபர்னேட் இரண்டையும் அவளுக்குத் தெர்மல் கணக்கில் சொன்னேன். பாய்லரைச் சூடு ஆறாமல் நிறுத்தினால் சீக்கிரம் எழும்பும், ஆனால் சூட்டைக் காத்தாக வேண்டும். ஸ்லீப் அப்படி, நினைவகத்துக்குச் சொட்டுச் சொட்டாகக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். ஹைபர்னேட் முழுக்க ஆறவிடுவது. வேலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணையும், எழும்பத்தான் நேரமாகும். தெர்மலில் வேலை பார்க்கும் மாமா வீட்டுப் பிள்ளை என்பதால் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

பவர் சேவர் வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி செய்தோம். நோட்டு எழுத என் வீட்டு எமர்ஜென்சி விளக்கைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் வந்து, "ரெண்டரை மணி நேரம் வருது சார்" என்றாள்.

முதல் தெர்மல் 2020 செப்டம்பரோடு ஓய்வு பெற்றுவிட்டது, நான் அதற்கு முன்பே. பேரனிடம் ‘பேலன்ஸ்ட்’ என்று சொல்லிவிட்டேன், அவனுக்கு எந்நேரமும் பிளக் இருக்கிறது.

அம்மா, நீ இந்தக் குழுவில்தான் இருக்கிறாய் என்று தெரியும். படம் பார்த்திருப்பே என்று அன்றைக்குச் சொன்னேனே, அதற்கு நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்டுக்கொள்கிறேன்.