ஆம்ப் எங்கே உட்காரணும்? 1930-ல் ஆரம்பித்த கேள்வி

இன்னைக்கு எபிசோட் ஒரு தீ விபத்துல ஆரம்பிக்குது.

சிகாகோவில் பால் கால்வின் என்று ஒரு தொழிலதிபர். கார் ரேடியோ தயாரிக்கக் கடன் வேண்டும். வங்கிக்காரரின் பேக்கார்டு காரிலேயே ஒரு ரேடியோவைப் பொருத்திக் காட்டினாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்ததாம், கடனும் போச்சு. ரொம்ப நாளாகச் சொல்லப்படும் கதை இது. கால்வின் விடவில்லை. 1930 ஜூனில், ரேடியோ வைத்த தன் ஸ்டுட்பேக்கர் காரை அட்லாண்டிக் சிட்டி வரை ஓட்டிப்போய், ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்கு வெளியே நிறுத்திச் சத்தமாகப் பாட விட்டார். அந்த ரேடியோவின் பெயர்தான் மோட்டரோலா.

அப்போ அதை எங்கே வைப்பது என்பதே பெரிய தலைவலி. அது வால்வு காலம். வால்வுக்கு நூறு வோல்ட்டுக்கும் மேல வேணும். கார் பேட்டரி கொடுத்ததோ 6 வோல்ட். அதனால் தனி பேட்டரிகளை வைக்க கார் தரையையே வெட்டினார்கள். ஜெர்மனியில் 1932-ல் வந்த பிளௌபங்க்ட் ரேடியோ சுமார் 15 கிலோ! டேஷ்போர்டில் அடங்காது. ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன கன்ட்ரோல் வைத்துத்தான் அதை இயக்கினார்கள்.

அடுத்து வைப்ரேட்டர் வந்தது. கார் பேட்டரியின் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டித்து, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வோல்டேஜை உயர்த்தும் சின்னக் கருவி. தனி பேட்டரிகள் போயின. 1955-ல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவை அறிவித்தன. வால்வும் இல்லை, வைப்ரேட்டரும் இல்லை. பெட்டி டேஷ்போர்டுக்குள் அடங்கிவிட்டது.

கதை முடிஞ்சுதுன்னு நினைச்சா, இல்லை. கேசட் காலத்துல எல்லாருக்கும் இன்னும் சத்தம் வேணும். 12 வோல்ட்டை வைத்து ஒரு சாதாரண ஸ்பீக்கருக்கு இருபது வாட் சொச்சம்தான் தர முடியும். அதற்கு மேல் போக, வோல்டேஜை மறுபடி உயர்த்தணும். இன்றைய ஆம்ப் உள்ளே இருக்கும் பவர் சப்ளை செய்வது அந்தப் பழைய வைப்ரேட்டரின் வேலையைத்தான். கூடவே சூடும் வந்தது. சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளுக்கு டேஷ்போர்டில் ஏது இடம்? பெட்டி டிக்கிக்குப் போனது.

அங்கேதான் 1930-ன் பயம் திரும்ப வந்தது. வீட்டில் 600 வாட் என்றால் 3 ஆம்பியர்கூட வராது. காரில் அதே 600 வாட்டுக்கு 50 ஆம்பியர்! பேட்டரி முன்னாடி, ஆம்ப் பின்னாடி. நடுவில் கார் நீளத்துக்கு ஒரு தடி வயர். அது எங்காவது உரசி பாடியில் பட்டால் தீதான்.

அதனால் ஃபியூஸ் ஆம்ப் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது. பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் ஒன்று கட்டாயம். இரும்புத் தகட்டைத் தாண்டும் ஓட்டையில் ரப்பர் வளையம் வேணும். எர்த் வயர் குட்டையா இருக்கணும். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முடுக்கணும். பவர் வயர் ஒரு பக்கம், பாட்டு வரும் வயர் மறுபக்கம். இல்லாட்டி இன்ஜின் இரைச்சலும் சேர்ந்து பாடும்.

இடம்? சீட்டுக்கு அடியிலோ, பின் சீட்டின் முதுகில் ஒரு பிளைவுட் பலகையிலோ வைக்கலாம். சுற்றிலும் காற்று போகணும். தலைகீழாக மாட்டாதீங்க, சூடு மேலே ஏறி உள்ளே இருக்கும் போர்டையே வறுக்கும். சப்வூஃபர் பெட்டி மேலும் வேண்டாம். அதிர்ந்து அதிர்ந்து சால்டரிங் விட்டுப்போகும். டிக்கி தரையில் டிரில் போடுறதுக்கு முன்னாடி, காருக்கு அடியில் குனிஞ்சு பாருங்க. பெட்ரோல் டேங்க் அங்கேதான் இருக்கும்.

இன்றைய கிளாஸ் டி ஆம்ப்கள் குறைவாகச் சூடாகும், உள்ளங்கை அளவுகூட வந்துவிட்டன. அதனால் பெட்டி மறுபடி டேஷ்போர்டுக்குப் பின்னால் போகிறது. இடம் மாறிக்கிட்டே இருக்கும். ஆனா சூடு, கரண்ட், இரைச்சல், இந்த மூணும் கூடவே வரும். கடையில் வண்டியை விடும்போது வாட் எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, ஃபியூஸ் எங்கே போடுறீங்கன்னு கேளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.