ஆறு குண்டும் தீர்ந்துபோச்சுன்னா?

வைட்டிலாவுக்கு மாற்றலாகி வந்த புதுசு. அப்போ ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள், பேங்க் வாசலில் நின்ற செக்யூரிட்டி சேட்டனின் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, "அப்பா, ரெண்டு தடவை சுட்டாச்சுன்னா அப்புறம்?" என்று கேட்டாள். துப்பாக்கியை நடுவில் மடக்கி, காலித் தோட்டாவை எடுத்துவிட்டு, பெல்ட்டில் இருந்து புதுசாக ரெண்டு செருகணும் என்றேன். "அதுவரைக்கும் திருடன் நிப்பானா?" பி.காம் படித்த எனக்கு என்ன தெரியும்!

அப்புறம் தேடிப் படித்ததில், ரிவால்வர்காரர்களையும் இதே கேள்வி ஆட்டிப்படைத்திருக்கிறது. 1873-இல் வந்த கோல்ட்டில் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. அது வழியாகக் காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகக் குச்சியால் தள்ளி, குண்டுகளையும் ஒவ்வொன்றாகப் போடணும். 1887-இல் பிரிட்டிஷ் படை எடுத்துக்கொண்ட வெப்லி, நம்ம சேட்டன் துப்பாக்கி மாதிரியே மடங்கும். மடக்கினால் ஆறு கூடும் ஒரே நேரத்தில் வெளியே! போடுவது மட்டும் பழையபடி ஒவ்வொன்றாகத்தான். அதற்கு வழி கண்டுபிடித்தவர் ஒரு பல் டாக்டர். இங்கிலாந்துக்காரரான பிரிடோ 1893-இல் காப்புரிமை வாங்கிய கருவி, ஆறு குண்டையும் வட்டமாகப் பிடித்து ஒரே அமுக்கில் இறக்கிவிடும். முதல் உலகப்போரில் அதிகாரிகள் சொந்தக் காசு போட்டு வாங்கினார்களாம்.

மறைத்து வைத்துக்கொள்பவர்களுக்கு இந்த வட்டம் பையில் புடைக்கும். அவர்களுக்காக அமெரிக்காவில் பிற்பாடு வந்தது ஒரு தட்டையான ரப்பர் பட்டை. ஆறும் வரிசையாக இருக்கும், வெளியே தெரியாது. ஆனால் ரெண்டு ரெண்டாகத்தான் போட முடியும், வேகம் குறைவு.

1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்ட வாஞ்சிநாதனிடம் (புனலூரில் வனத்துறை வேலை பார்த்தவர்) இருந்தது ரிவால்வர் இல்லை, பெல்ஜியம் பிரௌனிங். அதில் குண்டு அடுக்கிய பெட்டியையே மாற்றிவிடலாம்.

அதுக்கும் நூறு வருஷம் கழித்து, டெல்லி கொடுமைக்குப் பிறகு, 2014-இல் கான்பூர் அரசு ஆலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' ரிவால்வரைக் கொண்டுவந்தது. 500 கிராம், ஆறு குண்டு, 1,22,360 ரூபாய். திறந்து பார்த்தால் அதே பழைய வெப்லி மடக்கு! கைப்பையைத் துழாவி எடுக்கவே நேரம் போதாது, இதில் மறுபடி குண்டு போடுவதெங்கே?

இப்போ மகளுக்குக் காக்கநாட்டில் வேலை. ராத்திரி பத்து மணிக்கு வைட்டிலா ஹப்பில் பஸ் இறங்கி வருகிறாள். இந்த விலையைச் சொன்னதும், "அதுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாமேப்பா" என்றாள்.

லோன் பேப்பர் போட்டாச்சு.