ஹௌ டு நேம் இட்? (இசைத்தொகுப்பு)

ஹௌ டு நேம் இட்? (1986) இளையராஜா இசையமைத்த கருவியிசைத் தொகுப்பு. திரைப்படம் சாராத தனித்தொகுப்பு. பத்து இசைப்பகுதிகள் கொண்டது. தியாகராஜருக்கும் (1767–1847) ஜெர்மானிய இசைமேதை யோகான் செபாஸ்தியன் பாக்குக்கும் (1685–1750) காணிக்கையாக்கப்பட்டது. பரோக் கால ஐரோப்பிய இசையும் கர்நாடக இசையும் சந்திக்கும் முக்கியமான தமிழக ஆக்கம்.

பின்புலம்

இளையராஜா கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள பண்ணைப்புரத்தில் பிறந்தார். அவ்வூர் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது, இன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. பதினான்கு வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் சேர்ந்தார். பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தார். 1968-ல் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை கற்றார். பாக்கின் இசையையும், இசையை ஐந்து கோடுகளில் குறிப்பாக எழுதும் முறையையும் அங்கு அறிந்தார்.

கர்நாடக இசை ஒற்றை இசைவரியைக் கமகங்களால் விரிப்பது. பாக்கின் இசையில் பல இசைவரிகள் ஒரே நேரத்தில் தனித்தனியே நடந்து ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 'சிட்டுக்குருவி' (1978) திரைப்படத்தில் வெவ்வேறு வரிகளை ஒரேசமயம் பாடும் பாடல் வழியாக இளையராஜா இம்முறையைத் தமிழ்த் திரையிசைக்குக் கொண்டுவந்தார்.

உள்ளடக்கம்

பரோக் காலத்தில் தேவாலயத்துக்கும் நாடக அரங்குக்கும் உரிய இசையிலிருந்து அறையிசை வேறுபடுத்தப்பட்டது. அரண்மனைகளிலும் செல்வர் இல்லங்களிலும் சில கருவிகளால் அது நிகழ்த்தப்பட்டது. 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா' என்னும் பகுதி அந்த அறைக்குள் தியாகராஜரை வரவேற்கிறது. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்னும் பகுதியில் பாக் இளையராஜாவின் வீட்டுக்கு வருகிறார். அடுத்த பகுதியின் தலைப்பு இருவரும் உரையாடியதைச் சொல்கிறது. இருவருமே விருந்தினர்கள், எவரும் எவர்முன்பும் பணிவதில்லை.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' பாக் 1720-ல் எழுதிய தனிவயலின் படைப்பான மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையை அடிப்படையாகக் கொண்டது. வி.எஸ். நரசிம்மன் மூல வரியை வயலினில் வாசிக்க, இளையராஜா எழுதிய புதிய இசைவரிகள் பிற தந்திக்கருவிகளில் உடன்செல்கின்றன.

விவாதம்

முழுமைபெற்ற செவ்வியல் படைப்பொன்றில் இன்னொருவர் வரிகளைச் சேர்க்கலாமா என்பது இவ்வகை முயற்சிகளின்மீது எழும் கேள்வி. ஆனால் அதே முன்னிசையை பாக்கே 1731-ல் லைப்சிக் நகரமன்றத்துக்கான காண்டாட்டாவில் ஆர்கனுக்கும் இசைக்குழுவுக்குமாக விரித்து எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஷூமான் பாக்கின் தனிவயலின் படைப்புகளுக்குப் பியானோ வரிகளை எழுதினார். இளையராஜா செய்தது அம்மரபின் தொடர்ச்சியே. வேறுபாடு, அவர் கர்நாடக இசையின் நாட்டிலிருந்து அதைச் செய்தார் என்பது.

பண்பாட்டு இடம்

வி.எஸ். நரசிம்மன் பின்னர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்னும் நால்வர் குழுவைத் தொடங்கி, கர்நாடகக் கீர்த்தனைகளை இரு வயலின், வியோலா, செல்லோ ஆகியவற்றுக்கு அமைத்தார். இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவால் அரங்கேறியது.

ஐரோப்பிய இசையை அயலிசையாகவோ அலங்காரமாகவோ கொள்ளாமல், அதன் இலக்கணத்தைக் கற்று அதனுடன் உரையாட முடியும் என்று நிறுவியது இத்தொகுப்பு. அவ்வுரையாடலில் பிறந்த இசையை எந்த மரபின் பெயரால் அழைப்பது என்ற கேள்வியையே இளையராஜா அதற்குத் தலைப்பாக வைத்தார்.