அமெரிக்காவில் அத்லெட்டிக் டிரெய்னர் கல்வி: உடற்கல்வித் துறையிலிருந்து முதுநிலைப் பட்டத்துக்கு

அமெரிக்காவில் அத்லெட்டிக் டிரெய்னர் ஆக விரும்பும் மாணவர் இன்று முதுநிலைப் படிப்பில்தான் சேர வேண்டும். அங்கீகாரம் பெற்ற அந்தப் படிப்பை முடித்து, சான்றளிப்பு வாரியத்தின் தேர்வில் தேறி, கலிபோர்னியா நீங்கலாக மற்ற மாநிலங்களில் அரசின் அனுமதியும் பெற்ற பிறகே அவர் அந்தப் பெயரில் தொழில் செய்யலாம். இவர் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் அல்லர். ஜிம்மில் உடற்பயிற்சி செய்விப்பவரும் அல்லர். காயம் நேராமல் தடுப்பது, அடிபட்டவரைக் களத்திலேயே பரிசோதிப்பது, அவசர சிகிச்சை அளிப்பது, மீண்டும் ஆடும் நிலைக்குக் கொண்டுவருவது ஆகியவை இவருடைய வேலைகள். கிரிக்கெட் அணிகளில் பிசியோ என்று தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பவர் செய்யும் பணியில் பெரும்பகுதியை அமெரிக்கக் கல்லூரிகளிலும் உயர்நிலைப் பள்ளிகளிலும் செய்துவருபவர் இவரே. இந்தத் தொழிலுக்கான கல்வி உடற்கல்வித் துறையின் ஓரத்தில் தொடங்கி மருத்துவம் சார்ந்த முதுநிலைப் படிப்பாக மாற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1881இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஜேம்ஸ் ராபின்சன் என்பவரைத் தன் அமெரிக்கக் கால்பந்து அணியினரின் உடல்நிலையைக் கவனிக்க நியமித்தது. இத்தொழிலின் வரலாறு பெரும்பாலும் அவரிடமிருந்தே தொடங்கிச் சொல்லப்படுகிறது. அன்று இதற்கென்று படிப்பு எதுவும் இல்லை. தேய்த்துவிடுவது, கட்டுப்போடுவது, ஒத்தடம் கொடுப்பது எல்லாம் மூத்தவரிடம் இளையவர் கூடவே இருந்து கற்றுக்கொண்டவை. சாமுவேல் பிலிக் எழுதிய கையேடு முதலாம் உலகப் போர்க் காலத்தில் வெளிவந்தபோதுதான் இந்தக் கைப்பழக்கத்துக்கு உடற்கூறியலின் துணை கிடைத்தது. கன்சாஸ் மாநிலத்தின் கார்ட்னர் என்னும் சிற்றூரில் மருந்துத் தைலம் தயாரித்து விற்ற கிரேமர் சகோதரர்கள் 1930களில் ஒரு செய்தி மடலைப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கினர். வணிக நோக்கம் அதில் இருந்தாலும், டிரெய்னரே இல்லாத நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்கு முதலுதவி அறிவு அந்த வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. 1938இல் அமைந்த முதல் தேசியச் சங்கம் போர்க்காலத்தில் கலைந்துபோனது. இன்றுள்ள தேசிய அத்லெட்டிக் டிரெய்னர்கள் சங்கம் 1950இல் கன்சாஸ் சிட்டியில் தோன்றியது.

சங்கத்தின் செயலராக நெடுங்காலம் இருந்த பர்டியூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் நியூவெல், தொழிலுக்கு மதிப்பு வேண்டுமானால் அதற்கெனத் தனிக் கல்வி வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அவர் முன்னின்ற முயற்சியின் பலனாக 1959இல் முதல் மாதிரிப் பாடத்திட்டம் ஏற்கப்பட்டது. அதை இன்று படித்தால் ஒன்று புலப்படும்: அத்லெட்டிக் டிரெய்னிங்குக்கென்றே அமைந்த பாடங்கள் அதில் மிகச் சில. உடற்கூறியல், உடலியங்கியல், முதலுதவி, ஊட்டச்சத்து, கூடைப்பந்து, கால்பந்துப் பயிற்றுமுறைகள் என மற்றவையெல்லாம் உடற்கல்வித் துறைகளில் முன்பே நடந்துவந்தவை. படித்து முடித்தவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகவும் தகுதி பெற வேண்டும். பிசியோதெரபி கல்லூரியில் சேரத் தேவையான அடிப்படைப் பாடங்களையும் முடித்திருக்க வேண்டும். டிரெய்னர் வேலையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது என்ற அன்றைய நிலைமைக்கு இது பொருத்தமான ஏற்பாடுதான். ஆனால் தொழிலின் கல்வி வேறு இரண்டு தொழில்களின் நிழலில் வளர்ந்தது; அந்த நிழலிலிருந்து வெளியேறுவதே அடுத்த அரை நூற்றாண்டின் போராட்டமானது.

பாடத்திட்டம் தாளில் இருந்து வகுப்பறைக்கு வரப் பத்தாண்டுகள் பிடித்தன. 1969இல் மன்காட்டோ ஸ்டேட், இந்தியானா ஸ்டேட், லாமர், நியூ மெக்சிகோ ஆகிய நான்கு இடங்களின் இளநிலைப் படிப்புகள் முதலில் ஏற்கப்பட்டன. அடுத்த ஆண்டே முதல் சான்றிதழ்த் தேர்வு நடந்தது. 1971இல் டெக்சஸ் மாநிலம் முதன்முதலாக உரிமச் சட்டம் கொண்டுவந்தது. 1972இல் இந்தியானா ஸ்டேட், அரிசோனா பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் படிப்புகளுக்கும் சங்கத்தின் ஒப்புதல் கிடைத்தது. இவ்வகை முதுநிலைப் படிப்பு நாளடைவில், ஏற்கெனவே சான்றிதழ் பெற்றவர்கள் ஆராய்ச்சியும் ஆழ்ந்த பயிற்சியும் பெறுவதற்கான மேற்படிப்பாக நிலைபெற்றது. தொழிலுக்குள் நுழைய அது தேவைப்படவில்லை.

நுழைவதற்கு வேறு வாசல்கள் இருந்தன. ஏற்கப்பட்ட பாடத்திட்டத்தில் படித்துத் தேர்வெழுதுவது ஒன்று. ஏதாவது ஒரு பட்டப்படிப்போடு, சான்றிதழ் பெற்ற டிரெய்னரின் கீழ் நெடுநேரம் பணியாற்றி அனுபவத்தைக் காட்டித் தேர்வெழுதுவது இன்னொன்று. பின்னாளைய விதிப்படி முதல் வழியில் வந்தவர் 800 மணி நேரமும், இரண்டாவது வழியில் வந்தவர் 1,500 மணி நேரமும் களப்பணி காட்ட வேண்டியிருந்தது. வகுப்பறையில் குறைந்ததை மணிக்கணக்கால் ஈடுகட்டலாம் என்ற எண்ணம் இதன் அடியில் இருந்தது. நல்ல குருவிடம் சேர்ந்தவர் அந்த மணிகளில் நிறையவே கற்றார். மற்றவர் தண்ணீர்க் குடுவை நிரப்பியும் கணுக்காலுக்கு டேப் சுற்றியும் அதே மணிகளைக் கழிக்க முடிந்தது. இரண்டும் சான்றில் ஒரே எண்ணாகத்தான் பதிவாகும்.

1990 ஜூன் மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கம் அத்லெட்டிக் டிரெய்னிங்கை மருத்துவம் சார்ந்த தொழிலாக ஏற்றது திருப்புமுனை. அதுவரை டிரெய்னர்கள் சங்கமே தன் உறுப்பினருக்கான படிப்பை மதிப்பிட்டுவந்தது. இனி வெளியிலுள்ள அங்கீகார அமைப்பு மதிப்பிடும் என்றானது. சான்றளிப்பு வாரியம் அதற்கு முந்தைய ஆண்டே தனி அமைப்பாகிவிட்டது. இந்த நிலையில் இரட்டை வாசல் நிற்க இயலவில்லை. மருத்துவரோடும் செவிலியரோடும் ஒரே வரிசையில் நிற்க விரும்பும் தொழில், தன் பாதி உறுப்பினரை அங்கீகாரமே இல்லாத வழியில் எடுப்பதை எப்படி நியாயப்படுத்தும்? 1994இல் அமைந்த கல்விப் பணிக்குழுவின் பரிந்துரையை ஏற்று, அனுபவ வழி 2004 ஜனவரியோடு மூடப்பட்டது. களப்பயிற்சியிலும் மணிகளை எண்ணுவது பின்னுக்குப் போய், குறிப்பிட்ட திறன்களைச் செய்துகாட்டுவது முன்னுக்கு வந்தது. 2006 முதல் அங்கீகாரப் பொறுப்பைக் ‘கேட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் தனி ஆணையம் ஏற்றது.

எஞ்சியிருந்தது பட்டத்தின் நிலை பற்றிய கேள்வி. பக்கத்துத் தொழில்கள் வேகமாக மேலே போய்க்கொண்டிருந்தன: பிசியோதெரபி முனைவர் நிலைக்கும், தொழிற்சிகிச்சை முதுநிலைக்கும் ஏறிவிட்டன. அத்லெட்டிக் டிரெய்னிங் மட்டும் இளநிலையில் நின்றது. 2013 டிசம்பரில் டிரெய்னர்கள் சங்கம் வெளியிட்ட அறிக்கை இதை மட்டும் காரணமாகக் காட்டவில்லை. இளநிலையின் நான்காண்டுகளில் பொதுக் கல்வி, அடிப்படை அறிவியல், மருத்துவத் திறன்கள், களப்பயிற்சி நான்கையும் திணிக்க இடமில்லை என்பது அதன் வாதம். வேதியியலும் இயற்பியலும் தெரியாத மாணவர் காயத்தைப் பரிசோதிக்கக் கற்கும் நிலை இருந்தது. பலர் இப்படிப்பைப் பிசியோதெரபிக்கோ மருத்துவ உதவியாளர் படிப்புக்கோ படிக்கட்டாகக் கொண்டு விலகிச் சென்றனர். 2015 மே மாதம் முடிவு அறிவிக்கப்பட்டது: தொழிலுக்கான பட்டம் இனி முதுநிலைதான், 2022 இலையுதிர்ப் பருவம் தொடங்கிய பின் இளநிலைப் படிப்புகள் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது.

2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கல்வித் தரங்கள் இந்த மாற்றத்துக்கு உள்ளடக்கம் தந்தன. சேருமுன்னரே உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறியல், உடலியங்கியல் முடித்திருக்க வேண்டும். வகுப்பு இல்லாமல் முழுநேரமும் நோயாளிகளோடு கழியும் குறைந்தது நான்கு வாரத் தொடர் களப்பயிற்சி கட்டாயம். விளையாட்டோடு தொடர்பில்லாத நோயாளிகளையும் மாணவர் பார்க்க வேண்டும். இடம்பெயர்ந்த மூட்டைத் திரும்பப் பொருத்துவது, காயத்தை மூடுவது, குருதிப்போக்கை இறுக்குப் பட்டையால் நிறுத்துவது, அளவுமீறிய ஓபியாய்டு மருந்துக்கு நாலோக்சோன் கொடுப்பது போன்றவை பாடத்துக்குள் வந்தன.

இதில் உடலுழைப்பால் வரும் வெப்பத் தாக்கு ஒன்றை எடுத்துப் பார்த்தால் படிப்பின் கனம் விளங்கும். ஆகஸ்ட் வெயிலில், ஹெல்மெட்டும் தோள் கவசமும் அணிந்து பயிற்சி செய்யும் கால்பந்து வீரர் தடுமாறி, பொருத்தமில்லாமல் பேசத் தொடங்குகிறார். வாயிலோ அக்குளிலோ காதிலோ எடுக்கும் வெப்பநிலை இங்கே நம்பத்தக்கதல்ல. மலக்குடல் வெப்பமானியே உண்மையைச் சொல்லும். 40.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்து மனநிலையும் மாறியிருந்தால், ஆம்புலன்ஸ் வந்தாலும் உடனே ஏற்றி அனுப்பிவிடக் கூடாது. பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தி, நீரைக் கலக்கிக்கொண்டே, அரை மணி நேரத்துக்குள் சுமார் 39 டிகிரிக்கு இறக்கிய பிறகே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுசெல்வது என்ற இந்த வரிசையை, பதறும் பெற்றோரும் அவசரப்படுத்தும் பயிற்சியாளரும் சூழ்ந்து நிற்க, தனியொருவராக நின்று காக்கும் துணிவு வேண்டும். அந்தத் துணிவு உடலியங்கியலைப் புரிந்துகொண்டவருக்கே வரும். முதுநிலைக் கல்விக்கான வாதங்களில் மிக வலுவானது இதுவே.

செலவு யார் தலையில் விழுகிறது என்பது மாற்றத்தின் மறுபக்கம். பழைய முறையிலும் டிரெய்னர்களில் பெரும்பான்மையோர், ஏறத்தாழ எழுபது விழுக்காட்டினர், முதுநிலைப் பட்டதாரிகளே. ஆனால் அவர்கள் இளநிலையிலேயே சான்றிதழ் பெற்று, பல்கலைக்கழக அணி ஒன்றில் பட்டமேற்படிப்பு உதவியாளராகச் சேர்ந்து, கல்விக் கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் பெற்றுக்கொண்டே இரண்டாம் பட்டத்தை முடித்தனர். பல்கலைக்கழகத்துக்குக் குறைந்த ஊதியத்தில் தகுதியான ஆள் கிடைத்தது; மாணவருக்குக் கடனில்லாமல் பட்டம் கிடைத்தது. இன்று முதுநிலை முடியும்வரை சான்றிதழ் இல்லை. எனவே அந்த இரண்டு ஆண்டுகளில் சம்பாதிக்கவும் வழியில்லை. மூன்றாண்டு இளநிலையோடு இரண்டாண்டு முதுநிலையை இணைத்த படிப்புகள் ஓராண்டுச் செலவை மிச்சப்படுத்துகின்றன. முதுநிலை நடத்த வசதியில்லாத பல சிறிய கல்லூரிகள் தங்கள் படிப்பை மூடிவிட்டன. வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர உதவிய உள்ளூர் வழிகளில் சில இப்படி அடைபட்டன. பட்டத்தை உயர்த்தியவர்கள் ஊதியத்தையும் உயர்த்தும் பொறுப்பைச் சேர்த்தே ஏற்றிருக்க வேண்டும். அது இன்னும் பள்ளி நிர்வாகங்களின் விருப்பத்தில்தான் இருக்கிறது.

முதுநிலையே நுழைவாயில் ஆனதால், அதற்கு மேலான கல்வியின் வடிவமும் மாறியது. ஐடஹோ பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த அத்லெட்டிக் டிரெய்னிங் முனைவர் பட்டம் இப்போது வேறு சில பல்கலைக்கழகங்களிலும் உண்டு. ஆராய்ச்சி முனைவர் பட்டத்திலிருந்து மாறுபட்டு, இது பணியிலிருப்பவரின் சிகிச்சைத் திறனை மையமாகக் கொண்டது. மருத்துவர்களுக்குள்ளதைப் போன்ற ரெசிடென்சி பயிற்சிக்கும் ‘கேட்’ ஆணையம் அங்கீகாரம் வழங்குகிறது. எலும்பியல், குழந்தை மருத்துவம் போன்ற சிறப்புத் துறைகளில் தேர்ச்சிபெற விரும்பும் சான்றிதழ் பெற்ற டிரெய்னர்கள் அதில் சேர்கிறார்கள்.