சாலை விபத்தில் காயமா? வருமான இழப்பையும் கேளுங்கள்

திருப்பூர் பகுதியில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, பைக்கில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் விவசாயிகள் பலர். பிற வாகன ஓட்டுநரின் கவனக்குறைவால் காயமடைந்தால், மருத்துவச் செலவுடன் வருமான இழப்பையும் நீங்கள் கோரலாம்.

சம்பளச் சீட்டு இல்லையென்று விட்டுவிடாதீர்கள். காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரிடம் வருமான ஆவணம் இல்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் அவருடைய மாத வருமானத்தை ரூ.6,500 என்றும், உழைப்புத் திறன் இழப்பை 85 சதவீதம் என்றும் ஏற்றது.

கணக்கிடும் முறை: சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம் தனி. நிரந்தர பாதிப்புக்கு, ஆண்டு வருமானத்தை இழப்புச் சதவீதத்தாலும், வயதுக்கான எண்ணாலும் பெருக்குவார்கள். வயது 48, மாத வருமானம் ரூ.12,000, இழப்பு 30 சதவீதம் என்றால்: 1,44,000 × 30% × 13 = ரூ.5,61,600. எதிர்கால வருமான உயர்வையும் சேர்த்துக் கேட்கலாம்.

ஊனச் சான்றின் சதவீதமும் தொழில் இழப்பும் ஒன்றல்ல. பால் கறக்க, மண்வெட்டி பிடிக்க, தையல் மெஷின் மிதிக்க முடியாததை மனுவில் எழுதுங்கள்.

வைத்திருக்க வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை, மருத்துவப் பதிவுகள், ஊனச் சான்று, அடங்கல், பால் சொசைட்டி பாஸ்புக், உழவர் சந்தை அட்டை, வங்கிக் கணக்கு விவரம்.

விபத்து நடந்த 6 மாதத்துக்குள், நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யுங்கள். சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழைக்கலாம்.